முதல் பேருந்து எத்தனை மணிக்கு?

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ஒரு நகரத்தில் சமத்துவம் எந்த நிலையில் இருக்கிறது என்று அறிய விரும்புபவர், வருமானக் கணக்கைப் புரட்டுவதற்கு முன் அந்நகரத்தின் பேருந்து அட்டவணையைப் பார்க்கலாம் என்பது என் கருத்து. முதல் வண்டி எத்தனை மணிக்குப் புறப்படுகிறது, கடைசி வண்டி எப்போது, ஞாயிற்றுக்கிழமை எந்தத் தடத்தில் எத்தனை நடை குறைக்கப்படுகிறது என்பவற்றைப் பார்த்தாலே, அந்த நகரம் யாருடைய நேரத்தை மதிக்கிறது என்பது புலப்பட்டுவிடும்.

அலுவலகக் கட்டடம் ஒன்றைத் துப்புரவு செய்யும் பெண் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அதிகாரிகள் வருவதற்குள் தரை காய்ந்திருக்க வேண்டும் என்பதால் அவருடைய வேலை காலை 5 மணிக்குத் தொடங்குகிறது. அவர் குடியிருக்கும் பகுதியிலிருந்து முதல் பேருந்து புறப்படுவதும் அதே 5 மணிக்குத்தான். ஆகவே அவர் இருட்டில் பிரதான சாலைவரை நடக்கிறார், அல்லது அன்றைய கூலியில் ஒரு பங்கை வாடகை வண்டிக்குக் கொடுக்கிறார். வேலை முடிந்தபின் சந்தை, பிள்ளையின் பள்ளி, மருந்து வாங்க மருத்துவமனை என்று மூன்று இடங்களில் இறங்கி ஏறுகிறார். ஏறும்போதெல்லாம் புதிய சீட்டு, ஒவ்வொன்றிலும் குறைந்தபட்சக் கட்டணம். அதே தொலைவை ஒரே வண்டியில் கடப்பவரைவிட இவர் கூடுதலாகச் செலுத்துகிறார். வீட்டிலிருந்து அலுவலகம், அலுவலகத்திலிருந்து வீடு என்ற நேர்கோட்டுப் பயணத்தையே மனத்தில் வைத்துத் தடங்கள் வகுக்கப்படுகிற இடங்களில், பராமரிப்புப் பொறுப்பைச் சுமக்கும் பெண்களின் வளைந்து செல்லும் பயணம் கணக்கில் வருவதில்லை.

இது வெறும் வசதிக் குறைவு அன்று. 1965 ஆகஸ்டில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலீஸில் கறுப்பின மக்கள் மிகுதியாக வாழ்ந்த வாட்ஸ் பகுதியில் கலவரம் மூண்டபின், காரணங்களை ஆராய அமைக்கப்பட்ட மெக்கோன் ஆணையம், போதிய பொதுப் போக்குவரத்து இல்லாமை அப்பகுதி மக்களை வேலைவாய்ப்பிலிருந்து விலக்கி வைத்திருந்ததைச் சுட்டிக்காட்டியது. வேலைகள் புறநகரை நோக்கி நகர்ந்துகொண்டிருக்க, குடியிருப்புப் பாகுபாட்டால் கறுப்பின மக்கள் உள்நகரிலேயே கட்டுண்டு கிடப்பதன் விளைவைப் பொருளியலாளர் ஜான் கெய்ன் 1968-இல் விரிவாக எழுதினார். அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரில் 1955 டிசம்பரில் தொடங்கி 381 நாள் நீடித்த கறுப்பின மக்களின் பேருந்துப் புறக்கணிப்பை, வெள்ளையரோடு சமமாக அமரும் இருக்கைக்கான போராட்டமாகவே நாம் நினைவுகூர்கிறோம், அது சரியே. ஆனால் இருக்கையில் உரிமை கேட்க வேண்டுமானால் முதலில் வண்டி வர வேண்டுமே!

கட்டணத்தை நீக்கிவிட்டால் போதும் என்பாரும் உளர். 2020 பிப்ரவரி 29 முதல் லக்சம்பர்க் நாடு முழுவதும் பொதுப் போக்குவரத்தைக் கட்டணமில்லாததாக்கியது, வரவேற்கத்தக்க ஏற்பாடுதான். எனினும் மணிக்கு ஒருமுறை மட்டும் வருகிற இலவசப் பேருந்து, பயணியிடம் காசுக்குப் பதிலாக நேரத்தை வாங்கிக்கொள்கிறது. இரண்டில் ஒன்றுக்குத்தான் நிதி உண்டு என்றால், வண்டிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதையே நான் முதலில் கேட்பேன். சக்கர நாற்காலியில் வருபவருக்கோ தாழ்தளப் பேருந்தும், பழுதாகாமல் இயங்கும் மின்தூக்கியும் இல்லாதவரை இவ்விரண்டாலும் பயனில்லை.

கொலம்பியாவின் மெடெயின் நகரம் 2004-இல் மலைச்சரிவில் வாழ்ந்த ஏழை மக்களின் குடியிருப்புகளுக்குக் கம்பிவட ஊர்தியைக் கொண்டுசென்றது. பலரும் வியப்பது அந்தரத்தில் ஊரும் பெட்டிகளைக் கண்டு. எனக்கு முக்கியமாகப்படுவது, அது சுற்றுலாக் காட்சியாக நின்றுவிடாமல் மெட்ரோ ரயிலோடு இணைக்கப்பட்டதும், அதன் நிலையங்களைச் சுற்றிப் பூங்காவும் நூலகமும் எழுந்ததும்தான்.

ஆனால் இதில் ஒரு முரண் உண்டு. ரயில் நிலையம் வந்தால் சுற்றுப்புறத்தில் வாடகை ஏறும். யாருக்காக அது வந்ததோ அவர்களே வாடகை கொடுக்க இயலாமல் இன்னும் தொலைவுக்குப் பெயர்வார்கள். ஏழைகளுக்கான குடியிருப்பையும், நிலம் மலிவாகக் கிடைக்கிறது என்று நகரின் விளிம்பில் கட்டிவிடுகிறார்கள். நிலத்தின் விலையில் மிச்சம்பிடித்த பணத்தை அங்கே குடியேறியவர்கள் பயணச்சீட்டாகவும் தூக்கம் குறைந்த விடியலாகவும் நாள்தோறும் செலுத்துகிறார்கள். வீட்டு ஒதுக்கீட்டு ஆணையில் வீட்டின் எண்ணோடு, அங்கிருந்து புறப்படும் முதல் பேருந்தின் நேரமும் அச்சிடப்பட வேண்டும் என்று நான் கேட்பது அதனால்தான்.