தருமபுரியில் இருந்துகொண்டே எழுதலாம்

நேயர்களுக்கு வணக்கம்.

இணையத்தில் எழுதி, வாசகர்களைச் சேர்த்து, அதையே ஒரு தொழிலாகக் கொண்டுபோக முடியுமா என்று பேசச் சொல்லி நிலையத்தார் அழைத்தார்கள். அரூர், பாலக்கோடு, ஊத்தங்கரை என்று நம் பக்கத்துப் பிள்ளைகள் என்னிடம் கேட்பது வேறொரு கேள்வி. "சென்னைக்குப் போனால்தானே சார் எழுத்தாளராக முடியும்?" என்கிறார்கள். ஒரு காலத்தில் அது உண்மைதான். பத்திரிகை அலுவலகமும் பதிப்பகமும் பெரும்பாலும் அங்கேதான் இருந்தன. இன்றைக்குப் போகாதவருக்குத்தான் வசதி அதிகம் என்பது என் கட்சி.

புதிதாக எழுத வருகிறவர் முதலில் எழுதுவது பெரும்பாலும் தன்னம்பிக்கைக் கட்டுரை, இல்லாவிட்டால் காதல் கவிதை. தப்பில்லை. ஆனால் அதையே எழுதுகிறவர்கள் கணக்கில் அடங்க மாட்டார்கள். அத்தனை பேரை விட்டுவிட்டு உங்களை எதற்காகத் தேடி வரவேண்டும்?

பென்னாகரம் பக்கம் எனக்குத் தெரிந்த பெண் ஒருவர் புளியைப் பற்றி எழுதினார். மரத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் மாசி, பங்குனியில் ஆள் வைத்து உலுக்குவது, காயவைத்து ஓடு தட்டுவது, அப்புறம் மூட்டை மூட்டையாக வீட்டுத் திண்ணையில் வந்து இறங்குவது, கொட்டை எடுக்கக் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி பேசுவது. உழைப்பின் பெருமை என்றெல்லாம் அவர் நீட்டவில்லை. ராத்திரி குழம்புச் சோற்றில் கை வைத்தால் விரல்நுனி எரியும், அதனால் அந்த இரண்டு மாதமும் அம்மா கரண்டியால்தான் சாப்பிடுவாள் என்று ஒரு வரி எழுதியிருந்தார். பதில்கள் அந்த வரிக்குத்தான் வந்தன. துபாயில் வேலை பார்க்கும் காரிமங்கலத்துக்காரர் ஒருவர், தன் பாட்டி விரலுக்கு விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு படுப்பதை எழுதினார். கிருஷ்ணகிரியிலிருந்து ஒருவர், "நீங்கள் சொல்வது போன வருஷத்துக் கூலிம்மா, தெரியாமல் எழுதாதீர்கள்" என்று சண்டைக்கே வந்துவிட்டார்.

நம்மில் பலர் பாராட்டினவருக்கு ஒரு நன்றி சொல்லிவிட்டு, சண்டைக்காரரைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவோம். இவர் அந்த இரண்டு பேரிடமும் கேள்வி கேட்டார். கூலி எப்போது ஏறியது? யார் கேட்டு ஏறியது? எடுத்த புளி எந்தச் சந்தைக்குப் போகிறது, எவ்வளவு நாள் கிடங்கில் கிடக்கிறது? வந்த பதில்களை, சொன்னவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, அடுத்த கட்டுரையில் சேர்த்தார். அதை அந்த இரண்டு பேருமே சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினார்கள். விருப்பக்குறி போட்டவர் அடுத்த நிமிஷம் மறந்துவிடுவார். தகராறு செய்தவர் நாளைக்கும் வந்து பார்ப்பார். (வசைபாடுவதற்கென்றே வருகிற ஆட்களும் உண்டு. அவர்களைத் தடை செய்துவிட்டுச் சாப்பிடப் போங்கள்.)

எப்படித் தொடங்குவது என்று கேட்பவர்களைத் தருமபுரி அருங்காட்சியகத்துக்குப் போய், சண்டையில் இறந்த வீரர்களுக்காக அந்தக் காலத்தில் நட்ட நடுகற்களைப் பார்த்துவரச் சொல்வேன். எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு, எந்த ஊர், யாருடைய ஆள், மாடு கவர வந்தவர்களோடு மோதி இறந்தானா, மாட்டை மீட்டு இறந்தானா என்பதெல்லாம் சில வரிக்குள் முடிந்துவிடும். கல்லில் வெட்டுகிறவனுக்கு முன்னுரை எழுதக் கட்டுப்படியாகாது. கைபேசியில் படிக்கிறவருக்கும் பொறுமை அவ்வளவுதான். "மனித வாழ்வில் உணவு இன்றியமையாதது" என்று ஆரம்பித்தால் ஆள் அடுத்ததற்குப் போய்விடுவார்.

தட்டச்சு பற்றிச் சுருக்கமாக. எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோடு என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் எழுதுங்கள். பழைய எழுத்துருக்களில் அடித்து வைத்தவை தேடுபொறியில் தமிழாகவே சிக்காது. 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையைப் பழகிக்கொண்டால் வேகமும் வரும்.

இனி பணம். உடனே வராது. வேறொரு வருமானத்தை வைத்துக்கொண்டு எழுதுங்கள். அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் 2016-இலிருந்து தமிழ் மின்னூல்கள் விற்கின்றன. நூலை ஏற்றக் கட்டணம் கிடையாது. விற்பனையில் எழுதியவருக்கு வரும் பங்கான உரிமத்தொகை 35 சதவீதம் அல்லது 70 சதவீதம். இந்திய விற்பனையில் 70 வேண்டுமென்றால், 90 நாள் தவணைகளாக அந்த மின்னூலை வேறெங்கும் தருவதில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இலவசமாக வேறு தளத்தில் போட்டு வைப்பதும் அதில் சேரும். ஏற்கனவே இணையத்தில் வெளியிட்டதைத் தொகுத்து நூலாக்குகிறவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

அச்சில் போடுவதாக இருந்தால், நூலை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.பி.என். எண்ணுக்குப் பதிப்பகத்தார் தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். இந்தியாவில் அதை மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் முகமை இலவசமாகத் தருகிறது, நீங்களே விண்ணப்பிக்கலாம்.

எல்லாவற்றையும்விட, பதிப்பகத்தார் நீட்டும் ஒப்பந்தத்தை நிதானமாகப் படியுங்கள். நம் நாட்டில் 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்கள் எழுதியது உங்கள் ஆயுள் முழுக்கவும், அதற்குப் பின் 60 ஆண்டும் உங்களுக்கும் உங்கள் வாரிசுகளுக்கும் சொந்தம். அந்த உரிமையை வேறொருவருக்கு மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், எந்த நாட்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்றும் சட்டமே வைத்துக்கொள்கிறது. அதனால்தான் சில பதிப்பகத்தார் ஒப்பந்தத்தில் "உலகம் முழுவதும், எல்லாக் காலத்துக்கும், எல்லா வடிவங்களிலும்" என்று ஒரு வரியைப் பொடி எழுத்தில் சேர்த்துவிடுகிறார்கள். ஒலிநூல், மொழிபெயர்ப்பு, சினிமா எல்லாம் அந்த ஒரு வரியில் போய்விடும். "அச்சு நூல் மட்டும், மூன்று ஆண்டு" என்று திருத்தித் தரச் சொல்லுங்கள். முடியாது என்றால் கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிடுங்கள். உங்கள் வாசகர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது பதிப்பகத்தாரைவிட உங்களுக்குத்தான் தெரியும்.

வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.