பினாங்கு வெயில் போதும், அழுத்தம்தான் போதாது: கழிவைக் கரைக்கும் கரியமில வாயு

[காட்சி: பாயான் லெப்பாஸ் சாலை, பிற்பகல். கைப்பேசித் திரையில் 32 டிகிரி.]

வணக்கம். இந்த வெயில் நமக்குப் பழகியதுதான். கரியமில வாயுவுக்கு 31 டிகிரி ஓர் எல்லைக்கோடு. அதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் அது திரவமாகாது. ஆனால் அழுத்தமும் 74 பாரை, அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய 74 மடங்கைத் தாண்டினால், வாயுவைப் போல நுண்துளைக்குள் நுழையும், திரவத்தைப் போலக் கரைக்கவும் செய்யும். இதுதான் மீமாறுநிலை, சூப்பர்கிரிட்டிக்கல் என்பார்களே, அது. சூட்டைப் பினாங்கே தந்துவிடுகிறது. அழுத்தத்துக்குத்தான் காசு.

[காட்சி: தடித்த எஃகுக் கலன், சிறு கண்ணாடிச் சன்னல்.]

உள்ளே இருப்பது கரியமில வாயு, இன்னும் 31 டிகிரியை எட்டவில்லை. கவனியுங்கள். கீழே திரவம், மேலே வாயு, நடுவில் ஒரு கோடு. சூடு ஏற ஏறக் கோடு மங்குகிறது. ஒரு கணம் எல்லாம் பால்போல வெளுக்கிறது. அப்புறம் அந்தக் கோடே இல்லை. மீமாறுநிலை வந்துவிட்டது.

[காட்சி: செம்பனை ஆலை, பிழிந்த நார்க் குவியல்.]

எண்ணெய் பிழிந்தபின் மிஞ்சும் இந்த நார் பெரும்பாலும் கொதிகலனுக்குத்தான் போகிறது. அதில் ஒட்டியிருக்கும் எண்ணெயில் கரோட்டின் என்ற செம்மஞ்சள் சத்துப்பொருள் நிறைய. அதையும் சேர்த்துத்தான் எரிக்கிறோம்! மீமாறுநிலைக் கரியமில வாயுவை நாருக்குள் செலுத்தினால் எண்ணெய் அதில் கரைந்து வெளியே வரும். அழுத்தத்தைக் குறைத்ததும் வாயு பிரிந்துவிடும், எண்ணெய் தங்கும். ஹெக்சேன் போன்ற கரைப்பானின் மிச்சம் எதுவும் இருக்காது. வாயுவைத் திரும்ப அழுத்தி மறுபடி பயன்படுத்தலாம். இங்கே, பினாங்கில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதே வாயுவைக் கொண்டு மருத்துவக் கழிவிலுள்ள கிருமிகளைக் கொல்லவும் முயன்றிருக்கிறார்கள்.

[காட்சி: வரைபடம். 374 டிகிரி, 221 பார்.]

தண்ணீரின் கதை முரட்டுத்தனமானது. 374 டிகிரி, 221 பாரைத் தாண்டி மீமாறுநிலைக்குப் போன தண்ணீர் தன் குணத்தையே மாற்றிக்கொள்கிறது. எண்ணெய் அதில் கரையும், உப்பு கரையாது. ஆக்சிஜனும் கலந்துவிடும். அதனால் கரிமக் கழிவு பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் ஆக்சிஜனேற்றமாகி, கரியமில வாயுவும் தண்ணீருமாகிவிடும். கழிவை உலர்த்தவும் வேண்டாம். ஈரக் கழிவுக்கு இது பெரிய சலுகை.

சிக்கலும் அங்கேயே. கரையாத உப்பு குழாயை அடைக்கும். கழிவில் குளோரின் இருந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உருவாகி எஃகை அரிக்கும். விலை கூடிய நிக்கல் கலப்புலோகம்கூட முழுமையாகத் தப்பாது.

[காட்சி: பினாங்கின் புலாவ் பூரோங் குப்பைமேடு.]

சரி, இந்தக் குப்பையையெல்லாம் மீமாறுநிலைத் தண்ணீரில் போட்டுவிடலாமா? என் பதில், வேண்டாம். சோறு, டயப்பர், பிளாஸ்டிக் பை எல்லாவற்றையும் கூழாக அரைத்து 221 பாரில் பம்ப் செய்வது கட்டுப்படியாகாது. நச்சுத் தொழிற்சாலைக் கழிவுநீர் என்றால் கணக்கு வேறு. கரோட்டின் போல விலையுள்ள பொருள் உள்ளே ஒளிந்திருந்தாலும் அப்படித்தான்.

செம்பனை நாரிலும் ஒரு தொல்லை உண்டு. திடப்பொருளை உயர் அழுத்தக் கலனுக்குள் தொடர்ந்து தள்ளுவது கடினம். போட்டு, மூடி, அழுத்தி, இறக்கி, திறந்து, மறுபடி போட வேண்டும். ஆலையோ இடைவிடாமல் நாரைத் துப்பிக்கொண்டிருக்கும். ஒரு கலன் போதாது, மாற்றி மாற்றி ஓட்ட இரண்டு மூன்று கலன்களாவது வேண்டும்.