கேமில் எரியும் பல்புக்கு உங்கள் வீட்டு மீட்டர் ஓடுமா?

வணக்கம் மக்களே! கேமுக்குள் சுவிட்சைத் தட்டி லைட்டைப் போடுகிறீர்கள். அதற்கு உங்கள் வீட்டு மீட்டர் ஓடுமா? ஓடும். ஆனால் அணைத்தால் கரண்ட் மிச்சம் என்று நினைத்தீர்களானால், அங்கேதான் வேடிக்கை, பாதியில் ஓடிவிடாதீர்கள்.

அடிப்படையைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன்: கேமில் வெளிச்சம் என்பது கணக்கு, கணக்கைப் போடுவது கிராபிக்ஸ் கார்டு, கார்டு தின்பது நிஜ மின்சாரம்.

[திரையில்: டவுன், மாலை நேரம்]

சரி, நெல்லையப்பர் கோவிலுக்கு எதிரே இருக்கும் இருட்டுக்கடையைக் கேமுக்குள் கட்டுவோம். ஒத்த பல்பு, அதுவும் மங்கல், முன்னால் அல்வாவுக்கு முண்டியடிக்கும் கூட்டம். நிஜத்தில் நிழல் தன்பாட்டுக்கு விழுந்துவிடும். கேமில் அப்படி விழாது. பல்பு தொங்கும் இடத்தில் நின்று கார்டு ஒருமுறை தெருவைப் பார்த்தாக வேண்டும், பல்புக்கு எது தெரியவில்லையோ அது நிழல். பல்பு எல்லாத் திசையிலும் எரிவதால் மேலே, கீழே, நாலு பக்கம் என்று ஆறு படம் எடுப்பதுதான் வழக்கமான முறை. கூட்டம் அசைந்துகொண்டே இருந்தால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும், அதாவது திரையில் அடுத்தடுத்து ஓடும் ஒவ்வொரு காட்சிக்கும், புதிதாக எடுக்க வேண்டும். நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் 360 படம், ஒத்த பல்புக்கு! ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு முழுவீச்சில் 170 வாட் வரை இழுக்கும், கிட்டத்தட்ட மூன்று 60 வாட் குண்டு பல்பு. இருட்டை வரைய மூன்று பல்பு கரண்ட்! எனக்கு இதை நினைத்தாலே சிரிப்பு வருகிறது. ஆறு மணி நேரம் இப்படி ஓடினால் கார்டு மட்டுமே ஒரு யூனிட்டை முடித்துவிடும்.

இப்போது அந்தப் பல்பை அணைப்போம். வாட் குறையுமா? நொடிக்கு இத்தனை ஃபிரேம்தான் என்று லிமிட் போடாத கேமில் பெரும்பாலும் குறையாது. கல்யாணப் பந்தியில் இரண்டு ஐட்டத்தைக் குறைத்தால் பரிமாறுகிறவர் உட்கார்ந்தா விடுவார், அடுத்த பந்திக்கு இலை போட்டுவிடுவார் இல்லையா, அதேதான், வேலை குறைந்ததும் கார்டு கூடுதலாக ஃபிரேம் வரைய ஆரம்பித்துவிடும். 60-இல் லிமிட் போட்டுப் பாருங்கள், அப்புறம்தான் லைட்டை அணைத்ததன் பலன் மீட்டரில் தெரியும். அதனால் அம்மா "கரண்ட் பில்லு யாருல கட்டுவா?" என்று சத்தம் போட்டால் முதலில் கை போக வேண்டியது செட்டிங்ஸுக்கு.

மைன்கிராஃப்ட் ஆட்கள் கவலைப்பட வேண்டாம். தீப்பந்தத்தை நட்டதும் வெளிச்சம் 14-இல் தொடங்கி, கட்டத்துக்கு ஒன்றாகக் குறைவதாக ஒரே தடவை கணக்கிட்டு எழுதி வைத்துக்கொள்ளும். பக்கத்தில் எதையாவது உடைத்தாலோ வைத்தாலோதான் மறுகணக்கு. 1996-இல் வந்த குவேக் என்ற கேமும் சுவர் வெளிச்சத்தை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்திருந்தது, புத்திசாலித்தனமான கஞ்சத்தனம் என்பேன்.

ஸ்கிரீன் கதை தனி. சாதாரண எல்சிடியில் பின்னால் இருக்கும் விளக்கு, காட்சி கும்மிருட்டானாலும் எரிந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும் ஓஎல்இடியில் கறுப்புப் புள்ளி அணைந்தே கிடக்கும், ஆக அந்த போனில் குகைக்குள் ஒளிந்திருப்பவருக்கு பேட்டரி கொஞ்சம் கூடுதலாக வரும்.

உங்கள் கார்டு எத்தனை வாட் என்று கமெண்ட்டில் போடுங்கள். 450 வாட் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டு வைத்திருக்கும் அண்ணாச்சிமார் முதலில் வாங்க, உங்கள் பில்லையும் சேர்த்தே போடுங்க.