எலிக்காக அழுத தலைவி

நேயர்களுக்கு வணக்கம். கல்லூரியில் ஆங்கில இலக்கியம் கற்பித்த நெடிய ஆண்டுகளில் நான் மீண்டும் மீண்டும் திரும்பிச் சென்ற பகுதி ஒன்று உண்டு. ஜெப்ரி சாசர் என்ற லண்டன் கவிஞர் 1387-ஆம் ஆண்டையொட்டி எழுதத் தொடங்கிய கான்டர்பரி கதைகளின் பொது முன்னுரைதான் அது. மொத்தம் 858 அடிகள்.

யாத்திரை செல்லும் கூட்டங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஊரில் ஒருவர் திண்ணையில் மற்றவர் உட்காராதவர்கள், அன்று ஒரே வண்டியில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு போவார்கள். சாசரின் கூட்டமும் அப்படிப்பட்டதே. ஒரு ஏப்ரல் மாதத்தில், தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் உள்ள டாபார்ட் விடுதியில் 29 பேர் வந்து தங்குகிறார்கள். 1170-ஆம் ஆண்டு தம் பேராலயத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்ட பேராயர் தாமஸ் பெக்கெட்டின் சமாதியை வணங்கக் கான்டர்பரிக்குச் செல்கிறவர்கள் அவர்கள். வழியில் ஆளுக்குச் சில கதைகள் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. கதை தொடங்கும் முன்பே, இவர் இப்படிப்பட்டவர், இன்ன உடை உடுத்தியிருந்தார் என்று சாசர் ஒவ்வொருவரையும் அறிமுகப்படுத்துகிறார்.

அவர்களுள் கன்னியர் மடத் தலைவியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அவருடைய பெயர் எக்லன்டைன். உண்ணும்போது ஒரு பருக்கையும் உதட்டிலிருந்து சிந்தாது. குழம்பில் விரல் ஆழமாக நனையாது. குடித்த கிண்ணத்தில் எண்ணெய்ப் பிசுக்கு ஒரு துளியும் தங்காதபடி மேலுதட்டை முன்னதாகவே துடைத்துக்கொள்வார். பிரெஞ்சும் பேசுவார், ஆனால் அது லண்டனை அடுத்த ஸ்ட்ராட்ஃபர்டில் கற்ற பிரெஞ்சு, பாரிஸ் நகரத்துப் பிரெஞ்சை அவர் அறியார். இவற்றையெல்லாம் சொல்லிவிட்டு, இனி அவருடைய மனசாட்சியைப் பற்றிச் சொல்கிறேன் என்கிறார் சாசர். பொறியில் சிக்கிய எலியின் இரத்தத்தைக் கண்டாலே அழுதுவிடுவாராம். வளர்த்த சிறு நாய்களுக்கு வறுத்த இறைச்சியும், பாலும், உயர்ந்த மாவில் சுட்ட வெள்ளை ரொட்டியும் ஊட்டுவாராம்.

ஒருமுறை இந்த அடிகளை நடத்திக்கொண்டிருந்தேன். தறி நெய்யும் வீட்டிலிருந்து வந்த மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, அந்த அம்மா அழுததெல்லாம் எலிக்கும் நாய்க்கும். வாசலில் வந்து நின்ற மனிதருக்கு என்ன கொடுத்தார் என்று பாட்டில் எங்கேயாவது இருக்கிறதா?" என்று கேட்டாள். வகுப்பிலேயே அந்த அடிகளை மறுபடி படித்துப் பார்த்தோம். மனசாட்சியைப் பற்றிய அடிகளில் அவருடைய இரக்கத்தைப் பெற்ற மனிதர் ஒருவர்கூட இல்லை. அவரைக் குறைகூறும் சொல்லும் ஒன்றுகூட இல்லை. எத்தனையோ திறனாய்வு நூல்களைப் படித்தும் எனக்குப் பிடிபடாத தெளிவை அந்த ஒரு கேள்வி தந்தது. சாசரின் அங்கதம், சொல்லாமல் விட்ட இடத்தில் இருக்கிறது. இதைத் திரும்பச் சொல்கிறேன், ஏனென்றால் முன்னுரை முழுவதற்கும் இதுவே திறவுகோல்: அவர் புகழ்வார், எதைப் புகழ்கிறார் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

நம் பள்ளிப் பாடத்தில் வஞ்சப்புகழ்ச்சி அணி என்று படித்திருக்கிறோம். கயவர் தேவரைப் போன்றவர் என்ற குறளைச் சான்றாகக் காட்டுவார்கள். சாசரிடம் அதற்கு நெருங்கிய ஒன்றைக் காண்கிறோம். வேட்டை நாய்களும் மென்மயிர்த் தோல் பதித்த சட்டைக் கைகளுமாக வாழும் துறவி ஒருவர், மடத்தை விட்டு வெளியேறிய துறவி தண்ணீரை விட்ட மீன் என்னும் பழமொழி ஒரு சிப்பிக்குக்கூடப் பெறாது என்கிறார். அதைக் கேட்ட சாசர், அவர் கருத்து நல்லது என்று தானும் சொன்னதாக எழுதுகிறார். நல்லது என்று கவிஞர் தலையசைக்கும்போது, அப்படியா என்று கேட்கும் பொறுப்பு நம்மிடம் வந்துவிடுகிறது. சாசரின் நண்பரான கவிஞர் ஜான் கவர், பிரெஞ்சிலும் லத்தீனிலும் ஒவ்வொரு வகுப்பாரின் குற்றங்களையும் நேராகவே கடிந்து எழுதினார். அவையும் மதிக்கத்தக்க நூல்களே. ஆனால் அங்கே தீர்ப்பு முன்பே எழுதப்பட்டுவிடுகிறது.

வகுப்பு என்று சொன்னேன். வழிபடுவோர், போரிடுவோர், உழைப்போர் என மூன்றே வகுப்பினர் என்பது அக்காலத்து நம்பிக்கை. ஆனால் 1348-இல் வந்த கொள்ளைநோய் இங்கிலாந்து மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோரைக் கொண்டுசென்ற பின், உழைப்பவரின் கூலி உயர்ந்தது; அதைப் பழைய அளவிலேயே நிறுத்த 1351-இல் சட்டம் இயற்றினார்கள்; 1381-இல் உழவரும் கைவினைஞரும் கிளர்ந்தெழுந்து ஆல்ட்கேட் வாயில் வழியாக லண்டனுக்குள் புகுந்தார்கள். அதே வாயிலுக்கு மேலிருந்த வீடுதான் அப்போது சாசரின் குத்தகையில் இருந்தது. மது வணிகரின் மகனான அவர், 1374 முதல் 12 ஆண்டுகள் லண்டன் துறைமுகத்தில் கம்பளிச் சுங்க அதிகாரியாகப் பணியாற்றினார். ஆகவே, கடனை மறைத்து நிமிர்ந்து நிற்கும் வணிகர், இருப்பதைவிட அதிக வேலை இருப்பதாகத் தோன்றும் வழக்கறிஞர், ஐந்து கணவரை மணந்த பாத் நகரத்து நெசவுக்காரப் பெண்மணி என, மூன்று வகுப்பில் அடங்காதவர்களே இந்த முன்னுரையில் இடத்தை நிரப்பிக்கொள்கிறார்கள். மருத்துவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: கொள்ளைநோயில் ஈட்டிய பணத்தை அவர் பத்திரமாக வைத்திருக்கிறார், பொன் இதயத்துக்கு மருந்து, ஆதலால் அவருக்குப் பொன்மீது தனி அன்பு என்கிறார் கவிஞர். அந்த ஆதலால் என்ற சொல்லில் நின்று யோசிக்க வேண்டும்.

நேரம் முடிவதாகச் சைகை காட்டுகிறார்கள். பங்குக் குருவையும் அவருடைய உடன்பிறந்த உழவரையும் பற்றி நிறையப் பேச எண்ணியிருந்தேன். சில சொற்களே இயலும். உழவர் வண்டி வண்டியாக எரு சுமந்தவர், ஏழைக்குக் கூலி வாங்காமல் கதிரடித்தவர். குருவோ மழையிலும் இடியிலும் தொலைதூர வீடுகளுக்குக் கையில் கோலுடன் நடந்தே போனவர். இங்கே புகழ்ச்சி உண்மையான புகழ்ச்சிதான். தலைவியின் உதட்டையும் விரலையும் அவ்வளவு நுணுக்கமாகப் பார்த்த சாசர், இந்தக் குருவின் முகத்தையோ உடையையோ பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. அவர் செய்தவற்றை மட்டுமே எழுதியிருக்கிறார். வணக்கம்.