பதினான்கு மாத்திரையும் ஐந்து லட்சமும்

வணக்கம் உறவுகளே. எனக்குப் பின்னால் ஓடுவது கோரையாறு. நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து பாமணியாறும் கோரையாறும் பிரிகின்றன அல்லவா, அங்கிருந்து கொஞ்ச தூரம் கீழே வந்து நிற்கிறேன். காற்று பலமாக அடிக்கிறது. குரல் சரியாகக் கேட்கவில்லை என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வழக்கமாக வயல், ஆறு, திருவிழா என்று பேசுகிறவன் நான். இன்று மருத்துவக் காப்பீட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். இது அரசியல் இல்லையா என்று கேட்டால், ஆமாம், அரசியல்தான். போன ஆண்டு தை மாதத்தில் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்ட அரசியல்.

அப்போது சம்பா அறுவடை முடிந்திருந்தது. மாமா நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டுக் காவல் இருந்தார். முறை வருவதற்கு நாலைந்து நாள் ஆகும். பனியில் நெல் நனையாமல் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, பக்கத்திலேயே சாக்கை விரித்துப் படுத்துக்கொள்வார்கள். டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இரவு பதினொன்றரை மணி இருக்கும். நெஞ்சை அடைக்கிறது, இடது கை இழுக்கிறது என்று பக்கத்தில் படுத்திருந்தவரை எழுப்பியிருக்கிறார். வாயுப் பிடிப்பாக இருக்கும் என்று எல்லோரும் சேர்ந்து நெஞ்சைத் தடவிவிட்டதில் அரை மணி நேரம் போய்விட்டது. சட்டை முழுதும் வியர்வையில் நனைந்த பிறகுதான் 108-க்குச் சொன்னார்கள். எனக்கும் போன் வந்தது.

வழியில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம். இரவில் அங்கே மருத்துவர் இல்லை, ஒரு செவிலியர் இருந்தார். மாமாவைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. போனில் மருத்துவரிடம் பேசினார். பிறகு பதினான்கு மாத்திரைகளை எண்ணி மாமாவின் உள்ளங்கையில் வைத்து, இப்போதே விழுங்குங்கள் ஐயா என்றார். ஆஸ்பிரின் இரண்டு, குளோபிடோகிரல் நான்கு, அடார்வாஸ்டாடின் எட்டு. 2023-இல் தமிழக அரசு தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின் மாத்திரைகள் அவை. காப்பீட்டு அட்டை கேட்கவில்லை, ஆதார் கேட்கவில்லை, ஒரு கையெழுத்துகூடக் கேட்கவில்லை. ஐந்து நிமிடம் ஆகியிருந்தால் அதிகம்.

அங்கிருந்து தஞ்சாவூருக்குக் கிளம்பினோம். நீடாமங்கலம் ரயில்வே கேட்டைப் பற்றி இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். அன்றைக்கு அது திறந்திருந்தது. அத்தை வண்டிக்குள்ளேயே கையெடுத்துக் கும்பிட்டார்.

அரசு மருத்துவமனைக்கே போயிருக்கலாம். ஆனால் அத்தைக்குப் பயம். கூட்டமாக இருக்கும், இந்த நேரத்தில் யார் பார்ப்பார்கள், தனியாருக்கே போய்விடுவோம் என்றார். அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். புருஷன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கும்போது யாருக்கும் அப்படித்தான் தோன்றும். தனியார் மருத்துவமனைக்குப் போனோம். பெயர் வேண்டாம். காப்பீட்டு அட்டை இருக்கிறது என்று சொன்னோம். ஒப்புதல் வர நேரமாகும், அதுவரைக்கும் ஐம்பதாயிரம் டெபாசிட் கட்டுங்கள் என்றார்கள். இரவு இரண்டு மணிக்கு ஐம்பதாயிரத்துக்கு எங்கே போவது? டிராக்டர் வைத்திருக்கும் ஊர்க்காரர் ஒருவர் கொடுத்து உதவினார். விடிந்ததும் அத்தையின் சங்கிலி அடகுக்கடைக்குப் போனது.

ஒப்புதல் மறுநாள் வந்தது. ஸ்டென்ட் வைத்தார்கள். மாமா பிழைத்துவிட்டார். அந்த அட்டை மட்டும் இல்லையென்றால் ஒரு மா வயலாவது விலை போயிருக்கும், இதை மறைத்துப் பேசினால் நான் நியாயமில்லாதவன். ஆனால் பணமில்லாச் சிகிச்சை என்று எழுதியிருக்கிற திட்டத்தில் கட்டிய டெபாசிட், பாதிகூடத் திரும்பி வரவில்லை. கேட்டதற்கு, அட்டையில் வராத செலவு என்று ஒரே வரியில் பதில். சங்கிலியை மீட்பதற்குள் குறுவை வந்துவிட்டது.

வீட்டுக்கு அனுப்பும்போது அங்கே இருந்த மருத்துவர் ஒன்று சொன்னார். வழியில் கொடுத்த மாத்திரைகள்தான் உங்களுக்கு நேரம் வாங்கிக் கொடுத்தன என்றார். அந்த வார்த்தை என்னை விடவே இல்லை. அதன் பிறகுதான் இந்தக் காப்பீட்டுக் கதையை உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன்.

தமிழ்நாட்டில் 2009 ஜூலையில் தி.மு.க. ஆட்சி கலைஞர் காப்பீட்டுத் திட்டத்தைக் கொண்டுவந்தது. குடும்பத்துக்கு ஒரு லட்சம். ஆட்சி மாறியது. 2012 ஜனவரியில் அ.தி.மு.க. ஆட்சி முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்று புதிதாகத் தொடங்கியது. 2018 செப்டம்பரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டம் வந்து இதனோடு இணைந்தது. இப்போது குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்க வேண்டும். எழுபது வயது நிறைந்தவர்களுக்கு வருமானம் பார்க்காமல் கொடுப்போம் என்று 2024 அக்டோபரில் மத்திய அரசு சேர்த்தது. மாதச் சம்பளக்காரர்கள் தாங்களே கட்டும் காப்பீட்டுக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை.

இத்தனை ஆண்டுகளில் மேடையில் நடந்த சண்டை எதைப் பற்றி? யார் பெயர், யார் படம், எத்தனை லட்சம். இது உன் திட்டமா என் திட்டமா, உன் பங்கு எவ்வளவு, என் பங்கு எவ்வளவு. அரசியலமைப்புச் சட்டத்தில் மருத்துவமனைகள் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. ஆயுஷ்மான் பாரத்தில் வரும் குடும்பங்களுக்குப் பணம் 60-க்கு 40 என்று மத்திய அரசும் மாநில அரசும் பிரித்துக் கொடுக்கின்றன. அந்தச் சண்டைக்கும் இடமிருக்கிறது. ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. அரசாங்கத்தின் வேலை பில் கட்டுவதா, ஆஸ்பத்திரி நடத்துவதா?

காப்பீடு என்றால் என்ன என்று டெல்டாக்காரனுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. பயிர்க் காப்பீட்டிலேயே பத்து வருடப் படிப்பு படித்தவர்கள் நாம். 2016-இல் பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் வந்ததிலிருந்து சம்பாவுக்கு நூற்றுக்கு ஒன்றரை ரூபாய் நாம் கட்டுகிறோம், மீதியை அரசுகள் கட்டுகின்றன. பயிர் மூழ்கினால் வருவாய் கிராமத்தை ஓர் அலகாக வைத்து, அறுத்துப் பார்த்து, கணக்குப் போட்டு, ஒரு தொகை வரும். வந்தால் சந்தோஷம். ஆனால் ஏதாவது ஒரு விவசாயி, எனக்குக் காப்பீடு இருக்கிறது, அதனால் வாய்க்காலைத் தூர்வார வேண்டாம் என்று சொல்வானா? ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் அணை திறப்பதற்குள் வாய்க்கால் எல்லாம் தூர்வாரியாக வேண்டும் என்று கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர் கூட்டம் தவறாமல் கேட்கிறோமே, ஏன்? காப்பீட்டுப் பணம் பயிருக்குத் தண்ணீர் பாய்ச்சாது என்று நமக்குத் தெரியும்.

மருத்துவத்தில் மட்டும் அந்த அறிவு நமக்கு எங்கே போகிறது? கொஞ்சம் இருங்கள், வண்டி ஒன்று வருகிறது, ஓரமாக வந்துவிடுகிறேன்.

சரி. அட்டை செல்லுபடியாகும் பெரிய தனியார் மருத்துவமனைகள் எங்கே இருக்கின்றன? திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம். வேதாரண்யத்தில் உப்பளத்தில் வேலை செய்கிற ஒருவருக்கு இரவில் நெஞ்சு வலித்தால், தஞ்சாவூர் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். ஐந்து லட்சத்தைப் பத்து லட்சமாக உயர்த்தினாலும் அந்தத் தூரம் ஒரு கிலோமீட்டர் குறையாது. தூரத்தைக் குறைக்க அரசு கட்ட வேண்டும், ஆள் போட வேண்டும். அப்படிச் செய்தபோது பலன் தெரிந்தது. திருவாரூரில் 2010-இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. நாகப்பட்டினத்துக்கு 2022 ஜனவரியில் வந்தது. அதற்கு முன்னால் நாங்கள் எல்லோரும் தஞ்சாவூருக்குத்தான் ஓடினோம். 2020-இல் தனி மாவட்டமான மயிலாடுதுறைக்கு இன்னும் அரசு மருத்துவக் கல்லூரி இல்லை.

காப்பீட்டு அட்டை முக்கியமாகப் படுக்கையில் சேர்ந்து செய்யும் சிகிச்சைக்குத்தான். எங்கள் அம்மாவுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அந்த மாத்திரை வராமல் இருந்து, ஒரு நாள் சிறுநீரகம் கெட்டு, பிறகு அட்டையை எடுத்துக்கொண்டு டயாலிசிஸுக்குப் போனால் அப்போது எல்லாம் இலவசம். எது உண்மையான உதவி என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

எதிர்ப்பக்கத்தில் சொல்வதையும் நான் கேட்டேன். அரசு மருத்துவமனையில் மரியாதை இல்லை, ஏழைக்கும் தனியாருக்குப் போகும் உரிமையைக் காப்பீடுதான் கொடுத்தது என்கிறார்கள். முதல் பாதி பல இடங்களில் உண்மை. அத்தையின் பயம் வானத்திலிருந்து விழவில்லை. ஆனால் அதற்கு மருந்து அரசு மருத்துவமனையைச் சரி செய்வது. நம் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு நல்ல அம்சம் இருக்கிறது. அரசு மருத்துவமனையில் அந்த அட்டையைக் கொடுத்தால், காப்பீட்டுப் பணம் அந்த மருத்துவமனைக்கே வரும். கருவி வாங்கலாம், கட்டில் வாங்கலாம். இதை யாரும் மேடையில் சொல்வதில்லை. நான் சொல்கிறேன். முடிந்தவரை அட்டையை அரசு மருத்துவமனையில் கொடுங்கள்.

பணம் எங்கே என்பார்கள். பணம் கொடுக்க முடியாத காரணத்தால் ஒருவருக்கும் சிகிச்சை மறுக்கப்படக் கூடாது என்று சர் ஜோசப் போர் (Bhore) என்பவர் தலைமையிலான சுகாதாரக் குழு 1946-இலேயே எழுதிக் கொடுத்துவிட்டது. நாட்டுக்குச் சுதந்திரமே அப்போது வரவில்லை. பிரிட்டன் 1948-இல் தேசிய சுகாதாரச் சேவையைத் தொடங்கியது, இரண்டாம் உலகப் போரில் நொடித்துப்போயிருந்த நிலையில். 2025-க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதத்தை அரசுகள் சுகாதாரத்துக்குச் செலவிடும் என்று 2017 தேசிய சுகாதாரக் கொள்கை சொன்னது. 2025 போய்விட்டது. அந்த எண் வரவில்லை. ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் எத்தனை லட்சம் என்று கேட்காதீர்கள், இந்த 2.5 எங்கே என்று கேளுங்கள்.

மாமா இப்போது நன்றாக இருக்கிறார். மாதா மாதம் சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்குகிறார். அந்தச் செவிலியருக்குப் பொங்கலுக்கு ஒரு படி புதுப் பச்சரிசி கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் வாங்க மறுத்து, பிறகு மாமாவின் முகத்தைப் பார்த்து வாங்கிக்கொண்டார்.

அடுத்த கிராம சபைக்கு ஒரு மனு எழுதியிருக்கிறேன், படிக்கிறேன். ‘எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவிலும் ஒரு மருத்துவர் பணியில் இருக்க வேண்டும். இரவில் இ.சி.ஜி. எடுக்க ஆள் வேண்டும். கொள்முதல் நிலையம் இயங்கும் மாதங்களில் வாரம் ஒரு நாள் அங்கேயே ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும்.’ இவ்வளவுதான். முதல் கையெழுத்து மாமாவுடையது, இரண்டாவது அத்தையுடையது. இதுவரை நாற்பத்தோரு பேர் போட்டிருக்கிறார்கள். தாளைக் கேமராவுக்குப் பக்கத்தில் காட்டுகிறேன், பார்த்து உங்கள் ஊர்ப் பெயரைப் போட்டு எழுதிக்கொள்ளுங்கள்.