பேய்ப் பாட்டுக்கு வயதாகிவிட்டதா?

நேயர்களுக்கு வணக்கம். பேய்ப் படக் கதைகளை வேகமான பங்க் ராக்கில் பாடுகிற ஹாரர் பங்க் என்கிற இசையில் இன்னும் புதுசாக ஏதாவது இருக்கிறதா என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். காரைக்குடியில் இதையெல்லாம் யார் கேட்கிறார்கள் என்று சிலருக்குத் தோன்றலாம். கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். புது பஸ் ஸ்டாண்டில் நின்று பாருங்கள், நெஞ்சில் மண்டையோடு போட்ட கறுப்பு டீ-ஷர்ட்டோடு நாலு பிள்ளைகளாவது கண்ணில் படுவார்கள்.

அந்த மண்டையோடு 1946இல் அமெரிக்காவில் வந்த 'தி கிரிம்சன் கோஸ்ட்' என்ற தொடர்படத்தின் வில்லன் முகம். அதைத் தன் சின்னமாக எடுத்துக்கொண்ட குழு மிஸ்ஃபிட்ஸ். 1977இல் நியூ ஜெர்சியில் லோடை என்ற சின்ன ஊரில் தொடங்கினார்கள். கிளென் டான்சிக் பாடினார், ஜெரி ஒன்லி பேஸ் கிட்டார் வாசித்தார். 1982இல் வந்த அவர்களுடைய 'வாக் அமங் அஸ்' ஆல்பத்தில் 13 பாட்டு, மொத்தமாக 25 நிமிஷம்கூட வராது. கிட்டார் மூன்று நாலு கார்டுக்குள்ளேயே, அதாவது சுரக்கூட்டுக்குள்ளேயே சுற்றும், டிரம்ஸ் மூச்சுவிடாமல் ஓடும். அதற்கு மேலே டான்சிக்கின் குரல் மட்டும் ஐம்பதுகளின் காதல் பாட்டுக்காரர் மாதிரி இழைந்து வரும். வரி தெரியாதவனும் சேர்ந்து கத்த ஒரு 'வோ... ஓ... ஓ'. பிணமும் ரத்தமும் பற்றிய பாட்டைக் கூட்டமே ஒரே குரலில் பாடும்போது பயம் போய் ஒரு தைரியம் வந்துவிடுகிறது. இந்த இசையின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

அப்புறம் என்ன ஆயிற்று? நாற்பது வருஷத்துக்கும் மேலாக அந்த மண்டையோட்டையும், மிஸ்ஃபிட்ஸ்காரர்கள் நெற்றியில் தொங்கவிட்ட முடியையும், அந்த 'வோ ஓ'வையும் ஊர் ஊராக நகல் எடுத்தார்கள். ஜோம்பி, ரத்தக்காட்டேரி, ஓநாய் மனிதன் என்று அதே பட்டியல். அவற்றில் நிறைய கேட்டிருக்கிறேன். பத்துக் குழுவைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எது எந்தக் குழு என்று சொல்ல முடியாது. அலுத்துவிட்டது என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை.

ஆனால் நகல் எடுத்தவர்கள் ஒன்றை விட்டுவிட்டார்கள். மிஸ்ஃபிட்ஸ் 1978இல் வெளியிட்ட 'புல்லட்' பாட்டில் பேய் கிடையாது. 1963இல் டல்லாஸில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடி சுடப்பட்டதைப் பற்றிய பாட்டு அது. அந்தத் தலைமுறை சின்ன வயசில் வீட்டு டெலிவிஷனில் பார்த்து உறைந்துபோன சாவு. காசில்லாமல் எடுத்த பேய்ப் படங்களும் அதே டெலிவிஷனில்தான் ஓடின. இரண்டும் அவர்கள் உள்ளே கிடந்த பயம்தான். இங்கிலாந்தில் 'தி டாம்ன்ட்' குழுவின் டேவ் வேனியன் வெள்ளைப் பூச்சும் கறுப்புக் கோட்டுமாக மேடை ஏறியவர். பாட வருவதற்கு முன்னால் அவர் கல்லறையில் குழி வெட்டும் வேலை பார்த்தவர். அவர் போட்ட வேஷம் கடையில் வாங்கியது இல்லை.

அதனால் என் கட்சி இதுதான்: வடிவம் தேயவில்லை, இரவல் வாங்கிய பேய்கள்தான் தேய்ந்துவிட்டன. வடிவத்தை வளைக்கத் துணிந்தவர்களும் இருக்கிறார்கள். ஒசாகாவின் பால்சாக் குழு மிஸ்ஃபிட்ஸின் அச்சாகத்தான் தொண்ணூறுகளில் கிளம்பியது, பிறகு மின்னணு இரைச்சலைக் கலந்து தனக்கென்று ஒரு சத்தத்தைக் கண்டுபிடித்தது. சவுத்தாம்ப்டனின் க்ரீப்பர் குழு 2023இல் கொண்டுவந்த 'சாங்குவிவோர்' ஆல்பத்தின் முதல் பாட்டு 9 நிமிஷம் ஓடுகிறது. பங்க்கில் 9 நிமிஷமா என்று முகம் சுளித்தவர்கள் இருப்பார்கள். எனக்கு அது பிடித்தது.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். இங்கே ஒரு பிள்ளை கிட்டாரை எடுத்தால் எதைப் பாடுவான்? டிராகுலாவையா? முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளுக்குப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். பெரிய வீடுகளைப் பிரித்து விற்ற தேக்குத் தூண், வாசல் நிலை, பெல்ஜியம் கண்ணாடி, யாரோ ஒரு ஆச்சியின் பெயர் வெட்டிய பித்தளைத் தூக்கு எல்லாம் விலைக்குக் கிடக்கின்றன. யார் வீட்டு நிலை, எத்தனை கல்யாணம் அதைத் தாண்டிப் போனது என்று அங்கே யாருக்கும் தெரியாது. இன்னொரு பக்கம் கானாடுகாத்தான், பள்ளத்தூர்த் தெருக்களில் முகப்பிலிருந்து பின்கட்டு வரை பூட்டியே கிடக்கும் வீடுகள், காவலுக்கு ஒரே ஒரு பெரியவர்.

அந்த வீடுகளைக் கட்டிய பணத்தில் பெரும்பங்கு பர்மாவிலிருந்து வந்தது. கொண்டுவிக்கப் போன, அதாவது கடல் தாண்டி வட்டித் தொழில் செய்யப் போன செட்டியார்கள் கையில் 1930களின் கடைசியில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம் இருந்தது. நெல் விலை விழுந்து, வாங்கிய கடனைக் கட்ட முடியாமல் பர்மிய விவசாயிகள் இழந்த நிலம் அது. 1942இல் ஜப்பான் படை வந்தது. காட்டு வழியில் நடந்தே இந்தியாவுக்குக் கிளம்பியவர்களில் எத்தனையோ பேர் வழியிலேயே செத்தார்கள். பிறகு நிலமும் கைவிட்டுப் போயிற்று. இதைவிடப் பெரிய பேய்க்கதை எந்தப் படத்தில் இருக்கிறது? எழுதுகிறவன் நேர்மையாக எழுதினால் நிலம் இழந்த அந்த பர்மிய விவசாயியும் பாட்டுக்குள் வந்து நிற்பான். வரத்தான் வேண்டும்.

சத்தத்துக்கும் இங்கே பஞ்சமில்லை. கோயிலுக்கு மண்குதிரை எடுத்துப் போகும் புரவியெடுப்பில் உறுமி மேளம் அடிப்பவரின் கையைப் பக்கத்தில் நின்று பாருங்கள். ஒரு கை தட்டும், இன்னொரு கை வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும். அந்த முனகல் எழும்போது சாமியாடி அரிவாள் மேல் ஏறுகிறார். சுற்றி நிற்கிற குழந்தைகள் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொள்கின்றன, ஆனால் ஒன்றும் வீட்டுக்கு ஓடுவதில்லை. கருப்பரிடம் பயமும் உண்டு, அவர்தான் காவல் என்ற நிம்மதியும் உண்டு. லோடையில் அந்தப் பையன்கள் மூன்று கார்டில் தேடியதும் இப்படி ஒன்றைத்தான் என்று நான் நம்புகிறேன்.

உறுமியைப் பாட்டுக்கு நடுவே சும்மா அலங்காரமாக நுழைத்துவிடாதீர்கள். அடிக்கிறவரைக் குழுவில் ஒருவராகச் சேர்த்து, சரியான சம்பளம் பேசி, அவர் சொல்லும் தாளத்துக்குக் கிட்டாரைக் கொண்டுவாருங்கள். பாட்டு 2 நிமிஷம் போதும். கூட்டம் சேர்ந்து கத்த ஒரு வரி மட்டும் கட்டாயம் வையுங்கள். பதிவு செய்தால் இந்த நிலையத்துக்கே அனுப்புங்கள். ஒலிபரப்பச் சொல்லி முதலில் கேட்கிற ஆள் நானாக இருப்பேன். வணக்கம்.