உப்புக்கு என்ன வயது?

நேயர்களுக்கு வணக்கம். புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக்குப் போகிறவர்கள் மரக்காணம் உப்பளத்தைக் கடந்துதான் போகிறோம். அடுத்த முறை வண்டியை நிறுத்தி வரப்பில் கொஞ்சம் நடந்து பாருங்கள். கடல்நீர் ஐந்தில் ஒரு பங்காகச் சுண்டும்போது ஜிப்சம் படியும். பத்தில் ஒரு பங்கானால்தான் உப்பு பூக்கும். அதனால் உப்பு வாரும் பாத்திக்கு முந்தைய பாத்தியில், காலடியில் நறநறவென்று ஒரு பொருக்கு நொறுங்கும். அதுதான் ஜிப்சம், கால்சியமும் கந்தகமும் சேர்ந்த உப்பு வகை.

ராஜஸ்தானின் வடமேற்கில், நாகௌர் – கங்காநகர் படுகையில், தார் மணலுக்கு வெகு ஆழத்தில் இதே சரக்கு அடுக்கடுக்காகக் கிடக்கிறது. துளையிட்டுத்தான் கண்டார்கள். ஒரு கடலே அங்கே வற்றிக் கிடக்கிறது. எப்போது வற்றியது?

உப்பிடமே கேட்கலாம் என்றால், அது நம்பக்கூடிய சாட்சி இல்லை. ஈரம் பட்டால் கரையும், மறுபடி உறையும். அதிலுள்ள பொட்டாசியம் எவ்வளவு சிதைந்திருக்கிறது என்று கணக்குப் போட்டால், பல நேரம் கடைசியாக உறைந்த காலம்தான் கிடைக்கும். தொல்தாவரவியலாளர் பீர்பல் சாஹ்னி போன்ற மேதையே இதில் தடுமாறினார். 1940களில் பஞ்சாபின் (இன்று பாகிஸ்தானில் உள்ள) கேவ்ரா உப்பைக் கரைத்துப் பார்த்து, நுண்ணிய மரத்துணுக்குகளைக் கண்டார். மரங்கள் பூமியில் தோன்றியது பிற்காலத்தில்தானே; அப்படியானால் இது சுமார் 5 கோடி ஆண்டு உப்புதான் என்று வாதிட்டார். அந்தத் துணுக்குகள் பிற்பாடு உள்ளே புகுந்தவை என்பதே இன்றைய முடிவு. உப்பின் வயது 54 கோடி ஆண்டுக்கு அருகில்! அவர் கையாண்ட முறையில் எனக்கு மரியாதை உண்டு, ஏமாற்றியது உப்பு.

சரி, அக்கம்பக்கத்தை விசாரிப்போம். ராஜஸ்தான் படுகைக்கு அடியில் இருப்பது மலானி எரிமலைப் பாறை. அதிலுள்ள சிர்கான் என்ற கனிம மணிகளில் யுரேனியம் ஈயமாக மாறிய கணக்கு, சுமார் 75 கோடி ஆண்டு என்கிறது. மேலே, பிகானேர் பக்கம் துல்மேராவின் சிவப்பு மணற்கல்லில் ட்ரைலோபைட் என்ற அழிந்துபோன கடல் உயிரி ஊர்ந்த தடங்கள் இருக்கின்றன. அவை சுமார் 54 கோடி ஆண்டுக்கு முன் தொடங்கிய கேம்பிரியன் காலத்தவை. உப்பு இரண்டுக்கும் நடுவே.

அப்புறம் கந்தகம். அதில் கனமானது, லேசானது என்று வகைகள் உண்டு. ஜிப்சம் படியும்போது அன்றைய கடலில் இந்த வகைகள் கலந்திருந்த விகிதத்தை ஏறக்குறைய அப்படியே பிடித்துக்கொள்கிறது. இன்றைய கடலில் கனமான கந்தகம், பொது அளவுகோலைவிட ஆயிரத்துக்கு 21 பங்கு கூடுதல். கேம்பிரியன் தொடங்கிய காலக் கடலில் அது 30ஐத் தாண்டியிருந்தது. பாலைவனத்து அடுக்கில் இருப்பது அந்தப் பழைய எண். மரக்காணத்துப் பொருக்கில் இருப்பது 21ஐ ஒட்டிய எண்.